குடியரசுத் தலைவர் என்ன வேலை பார்க்கிறார்? சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மேலூர், உசிலம்பட்டி, அலங்காநல்லூர் பக்கத்துத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்களும், மாலை வகுப்பு எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகளும், சில பெற்றோரும் என்னிடம் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளை மனதில் வைத்து எழுதியது. பெயர், தேதி, வரிசை எண் ஆகியவற்றை மனப்பாடம் செய்ய வைப்பதில் எனக்கு ஆர்வம் இல்லை. அந்த நாற்காலியில் உட்காருபவர் எதைச் செய்யலாம், எதைச் செய்ய முடியாது என்பது ஒரு பிள்ளைக்குப் புரிந்தால் போதும்.

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு டெல்லி என்றாலே தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

ஊரிலிருந்துதான். நம் பக்கம் "பிரசிடென்ட்" என்று சொன்னால் பிள்ளைகளுக்கு நினைவு வருவது ஊராட்சி மன்றத் தலைவர். பிரசிடென்ட் வீடு எது என்று கேட்டால் தெருவைக் காட்டிச் சொல்வார்கள். அதைத் தப்பு என்று திருத்தாமல், அதையே பிடித்துக்கொள்ளுங்கள்.

"பிரசிடென்ட் என்ன வேலை பார்ப்பார்?" என்று கேளுங்கள். "தண்ணி விடுவார்", "லைட்டு போடுவார்", "கல்யாணத்துக்கு முன்னாடி வந்து உக்காருவார்" என்று பதில்கள் வரும். அப்புறம் கேளுங்கள்: தண்ணீர்த் தொட்டி வால்வைத் திறப்பது யார்? அது தொட்டி ஆபரேட்டர் அண்ணன். கணக்கு எழுதுவது யார்? ஊராட்சிச் செயலர். அப்படியானால் தலைவர் என்னதான் செய்கிறார்? கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறார், எந்த வேலை முதலில் என்று மன்றம் எடுத்த முடிவை நடத்தி வைக்கிறார், கையெழுத்துப் போடுகிறார்.

அந்தக் கையெழுத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. ஊராட்சிப் பணத்தை எடுக்கும் காசோலையில் தலைவர் தனியாகக் கையெழுத்துப் போட முடியாது. துணைத் தலைவரும் சேர்ந்து போட வேண்டும். "ஏன் ரெண்டு பேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால் அன்றைய பாடம் முடிந்தது என்றே சொல்வேன். அங்கிருந்து டெல்லிக்குப் போவது சுலபம். ஒரே ஒரு வித்தியாசத்தை மட்டும் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். ஊராட்சித் தலைவருக்கு ஊர் மக்கள் நேராக ஓட்டுப் போடுகிறார்கள், நிர்வாகத்தையும் அவரே பார்க்கிறார். குடியரசுத் தலைவர் விஷயத்தில் இரண்டுமே அப்படி இல்லை.

எங்கள் ஊரில் பிரசிடென்ட் பதவியே காலியாக இருந்ததே, அதை எப்படிச் சொல்வது?

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் ஐந்து ஆண்டு 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு முடிந்தது. மதுரை மாவட்ட ஊராட்சிகளும் அதன்பின் தனி அலுவலர் கைக்குப் போயின. பிள்ளைகள் இதைக் கவனித்திருப்பார்கள். நேற்று வரை கையெழுத்துப் போட்டவர் இன்று போட முடியாது, ஆனால் தெருவிளக்கு எரிந்தாக வேண்டும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. ஆள் வேறு, பதவி வேறு.

இன்னொன்று. பல ஊர்களில் பெண் ஒருவர் தலைவராக இருப்பார், "பிரசிடென்ட்" என்று ஊரே கூப்பிடுவது அவர் கணவரை. வகுப்பில் அந்தப் பேச்சு வந்தால், ஓட்டுச்சீட்டில் யார் பெயர் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். மீதியைப் பிள்ளைகளே பேசிக்கொள்வார்கள்.

குடியரசுத் தலைவருக்கு ஏகப்பட்ட அதிகாரங்கள் பாடநூலில் இருக்கின்றன. எதைச் சொல்வது, எதை விடுவது?

மூன்று போதும். சட்டத்துக்குக் கையெழுத்துப் போடுகிறார். பெரிய பதவிகளுக்கு ஆட்களை நியமித்துப் பதவிப் பிரமாணம் செய்து வைக்கிறார். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றுக்கும் தலைவர். நெருக்கடி நிலை, அவசரச் சட்டம் போன்றவை எட்டாம் வகுப்புக்கு மேல் காத்திருக்கட்டும்.

கையெழுத்துக்கு மதுரைப் பிள்ளைகளிடம் சொல்ல ஜல்லிக்கட்டைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கம் மைதானத்திலும் ஜல்லிக்கட்டுத் தடையை நீக்கக் கேட்டுக் கூட்டம் கூடியதை அவர்கள் வீட்டில் அண்ணனோ சித்தப்பாவோ சொல்லியிருப்பார்கள். அப்போது நடந்ததைக் கதையாகவே சொல்லலாம். விலங்குகளை வதைக்கக் கூடாது என்று 1960இல் நாடாளுமன்றம் போட்ட சட்டம் ஒன்று இருக்கிறது. தமிழ்நாட்டில் ஜல்லிக்கட்டுக்காக அதில் ஒரு திருத்தம் வேண்டும். ஜனவரி 23ஆம் தேதி சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது. ஆனால் நாடாளுமன்றச் சட்டத்தோடு மோதும் இடத்தில் மாநிலத்தின் சட்டம் செல்ல வேண்டுமென்றால் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வேண்டும். மசோதா டெல்லிக்குப் போனது. அப்போது அந்தப் பதவியில் இருந்தவர் பிரணாப் முகர்ஜி. ஜனவரி 31ஆம் தேதி ஒப்புதல் கிடைத்தது. அப்புறம் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடந்து, 2023 மே மாதம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு வந்தது.

"அவருக்குக் காளை புடிக்குமா, அதான் போட்டாரா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. அவருக்குப் பிடிக்குமா பிடிக்காதா என்பது இங்கே வேலைக்கு ஆகாது. மத்திய அமைச்சரவை சொல்லும் ஆலோசனைப்படிதான் அவர் நடக்க வேண்டும். இதைச் சின்னப் பிள்ளை முழுதாகப் புரிந்துகொள்ளாது. பரவாயில்லை, "அவர் தனியா முடிவு பண்ண மாட்டார்" என்ற அளவில் நிற்கட்டும்.

நியமனத்துக்கு ஒத்தக்கடைப் பக்கம் போகும்போது உயர் நீதிமன்றக் கிளையைக் காட்டுங்கள். 2004இல் திறந்தது. அங்கே உட்காரும் நீதிபதிகளை நியமிக்கும் ஆணையில் இருப்பது குடியரசுத் தலைவரின் கையெழுத்து.

வீட்டில் இருக்கும் ஏதாவது பொருளை வைத்துக் காட்ட முடியுமா?

பாஸ்போர்ட். நம் பக்கம் துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ போன ஆள் இல்லாத தெரு குறைவு. அதன் முதல் பக்கத்தில் இந்தியக் குடியரசுத் தலைவரின் பெயரால் ஒரு வேண்டுகோள் இருக்கும்: இதை வைத்திருப்பவரைத் தடையில்லாமல் போக விடுங்கள், தேவையான உதவி செய்யுங்கள் என்று. ஆளின் பெயர் இருக்காது, பதவிதான் இருக்கும். அதனால் தலைவர் மாறினாலும் அப்பாவின் பாஸ்போர்ட் செல்லும். தமிழில் அச்சாகியிருக்காது, நீங்கள்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

உடனே ஒரு பிள்ளை பத்து ரூபாய் நோட்டை நீட்டும். நோட்டில் இருப்பது ரிசர்வ் வங்கி ஆளுநரின் கையெழுத்து. மாநில ஆளுநரும் அவரும் ஒருவரா என்று அடுத்த கேள்வி வரும். இல்லை. மாநில ஆளுநரை நியமிப்பவர் குடியரசுத் தலைவர்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவர் சொல்லலாமா?

இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட விளையாடிப் பார்ப்பது நல்லது. மூன்றாம் வகுப்பிலிருந்து நன்றாக வேலை செய்கிறது.

வகுப்புதான் நாடாளுமன்றம். ஒரு பிள்ளை குடியரசுத் தலைவர், தனியாக வராந்தாவில் உட்கார வேண்டும். வகுப்பு ஒரு விதியை ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும். உதாரணமாக, "மதியம் சாப்பிட்ட பிறகு கதை நேரம்." ஒரு தாளில் எழுதி வராந்தாவுக்கு அனுப்புங்கள். தலைவருக்கு இரண்டு வழி கொடுங்கள்: கையெழுத்துப் போடலாம், அல்லது காரணம் எழுதித் திருப்பி அனுப்பலாம். "தட்டு கழுவ நேரம் வேணும்" என்று எழுதித் திருப்பினால் வகுப்பு மறுபடியும் பேச வேண்டும். மாற்றியோ மாற்றாமலோ இரண்டாவது முறை அனுப்பினால் தலைவர் கையெழுத்துப் போட்டே ஆக வேண்டும். நம் அரசமைப்பில் விதி ஏறத்தாழ இதுதான். வரி, அரசுச் செலவு பற்றிய பண மசோதாவை மட்டும் அப்படித் திருப்பி அனுப்ப முடியாது.

தலைவராக இருக்கும் பிள்ளைக்கு முதலில் சந்தோஷமாகவும் இரண்டாவது முறை எரிச்சலாகவும் இருக்கும். "நான்தானே தலைவர்?" என்று சண்டைக்கு வரும். விளையாட்டின் பயனே அங்கேதான் இருக்கிறது, சமாதானப்படுத்த அவசரப்படாதீர்கள். அப்துல் கலாம் இதையே செய்தார் என்று அப்போது சொல்லுங்கள். 2006 மே மாதம், ஆதாயம் தரும் பதவிகள் (எம்.பி.யாக இருப்பவர் கூடவே வகிக்கக் கூடாத அரசுப் பதவிகள்) பற்றிய ஒரு மசோதாவை அவர் திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் அதை மாற்றாமல் மறுபடி நிறைவேற்றியது. ஆகஸ்டில் கையெழுத்துப் போட்டார்.

எத்தனை நாளுக்குள் போட வேண்டும் என்று அரசமைப்பில் கெடு எதுவும் எழுதப்படவில்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு வாயாடி அதைக் கண்டுபிடித்து, தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும். 1986இல் குடியரசுத் தலைவராக இருந்த ஜெயில் சிங் தபால் மசோதா ஒன்றை அப்படித்தான் வைத்துக்கொண்டார்.

பிரதமர் யார், குடியரசுத் தலைவர் யார்? பிள்ளைகள் குழப்பிக்கொள்கிறார்களே.

பெரியவர்களும்தான். கொடியை வைத்துச் சொல்லிப் பாருங்கள். ஆகஸ்ட் 15 அன்று டெல்லி செங்கோட்டையில் கொடி ஏற்றுபவர் பிரதமர். ஜனவரி 26 அன்று குடியரசு தின அணிவகுப்பில் கொடி ஏற்றி மரியாதையை ஏற்றுக்கொள்பவர் குடியரசுத் தலைவர். சென்னையிலும் அதே மாதிரி, ஆகஸ்டில் முதலமைச்சர், ஜனவரியில் ஆளுநர். சுதந்திர தினத்தில் முதலமைச்சர்கள் கொடி ஏற்றும் உரிமை 1974இல் வந்தது, அதைக் கேட்டு வாங்கியவர் கருணாநிதி. மதுரையில் இரண்டு நாளும் ஆட்சியர்தான்.

வேலை என்று பார்த்தால், பிரதமரும் அமைச்சர்களும் அரசை நடத்துகிறார்கள். நடக்கும் எல்லாம் குடியரசுத் தலைவர் பெயரால் நடக்கிறது. பள்ளியில் ஆண்டு விழாவுக்குத் தேதி குறிப்பது முதல் மைக் செட் பேசுவது வரை யார் செய்கிறார்கள், அழைப்பிதழில் யார் பெயர் மேலே இருக்கிறது என்று கேட்டால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள்.

"ராஜா மாதிரி", "வீட்டுக்கு அப்பா மாதிரி" என்று சொல்லலாமா?

எனக்கு இரண்டும் பிடிக்காது. அப்பாவை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை, ஐந்து வருஷத்தில் மாற்றுவதும் இல்லை. ராஜா என்று சொன்னால் பிள்ளைகள் திருமலை நாயக்கர் மகாலின் தூண்களுக்குப் போய்விடுவார்கள்.

ஆனால் மதுரைப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள், அதைத் தவிர்க்க முடியாது: "மீனாட்சிக்குப் பட்டாபிஷேகம் பண்ற மாதிரி அவங்களுக்கும் கிரீடம் வைப்பாங்களா?" சித்திரைத் திருவிழாவில் எட்டாம் நாள் அம்மனுக்கு முடிசூட்டிச் செங்கோல் கொடுப்பதை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அம்மன் ஆட்சி ஆவணி வரை, அப்புறம் சுந்தரேஸ்வரர் ஆட்சி என்பது பாட்டிமார் சொல்லித் தெரியும். குடியரசுத் தலைவருக்குக் கிரீடமும் இல்லை, செங்கோலும் இல்லை. இந்தியத் தலைமை நீதிபதி முன்னால் நின்று ஓர் உறுதிமொழி படிக்க வேண்டும்: அரசமைப்பையும் சட்டத்தையும் காப்பேன், மக்களின் சேவைக்கும் நலனுக்கும் என்னைக் கொடுப்பேன் என்று. படித்தால்தான் பதவி. தலைமை நீதிபதி மாறும்போது புதிய தலைமை நீதிபதிக்கு உறுதிமொழி செய்து வைப்பவர் குடியரசுத் தலைவர். இவர் அவருக்கு, அவர் இவருக்கு. இந்த இடத்தில் பிள்ளைகள் சிரிப்பார்கள், நன்றாக நினைவிலும் வைத்துக்கொள்வார்கள்.

கலாம் படத்தைக் காட்டினால் போதாதா? பிள்ளைகளுக்கு அவரைத்தான் தெரியும்.

காட்டுங்கள், ஆனால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். நம் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஜனாதிபதியை வரையச் சொன்னால் நடுவகிடு எடுத்த நீள முடியைத்தான் வரைகிறார்கள். என்ன வேலை என்று கேட்டால் "ராக்கெட் விடுவார்." ராக்கெட், ஏவுகணை எல்லாம் அவர் விஞ்ஞானியாக இருந்தபோது செய்த வேலை. குடியரசுத் தலைவராக இருந்தது 2002 முதல் 2007 வரை. அந்த ஐந்து ஆண்டில் என்ன செய்தார் என்று கேட்டால் பல ஆசிரியர்களே "மாணவர்களைச் சந்தித்தார்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். மேலே சொன்ன 2006 மசோதா கதை அதற்குத்தான்.

ராமேசுவரம் சுற்றுலா போனால் பேக்கரும்பு நினைவிடத்துக்குக் கூட்டிப் போங்கள். அங்கே கும்மட்டத்தை டெல்லி மாளிகை மாதிரியே கட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்து, "இது மாதிரி வீட்டில்தான் இப்போ இருக்குறவரும் இருக்கார்" என்று சொன்னால் பாடம் ஆளிலிருந்து பதவிக்கு நகர்ந்துவிடும். தமிழ்நாட்டிலிருந்து போன மற்ற இருவரையும் சொல்லலாம்: திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன், தஞ்சை மாவட்டம் ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன்.

டிவியில் அமெரிக்க அதிபர் தினம் ஏதாவது உத்தரவு போடுகிறார். நம்மவர் ஏன் அப்படிச் செய்வதில்லை?

அங்கே அரசை நடத்துபவரே அவர்தான், பிரதமர் என்று தனியாக யாரும் இல்லை. பதவிக்காலம் நான்கு ஆண்டு. இலங்கையிலும் 1978லிருந்து ஜனாதிபதி கையில்தான் நிர்வாக அதிகாரம். ஆனையூர், உச்சப்பட்டி இலங்கைத் தமிழர் முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் கேட்கும் "ஜனாதிபதி" அந்த வகை. உங்கள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், பெயர் ஒன்று, வேலை நாட்டுக்கு நாடு வேறு என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அவரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

நாம் நேராக அல்ல. நாம் தேர்ந்தெடுத்த எம்.பி.க்களும் எம்.எல்.ஏ.க்களும். நியமன உறுப்பினர்களுக்கு அதில் ஓட்டு இல்லை. மாநிலத்தின் மக்கள்தொகையைப் பொறுத்து எம்.எல்.ஏ. ஓட்டுக்கு ஒரு மதிப்பு உண்டு. 2022 தேர்தலில் தமிழ்நாட்டு எம்.எல்.ஏ. ஒருவரின் ஓட்டு மதிப்பு 176, சிக்கிமில் 7. கணக்குப் பிடித்த பிள்ளைக்கு 234ஐ 176ஆல் பெருக்கச் சொல்லுங்கள். மற்றவர்களை விட்டுவிடுங்கள்.

சம்பளம் எவ்வளவு?

மாதம் 5 லட்சம் ரூபாய். மாளிகையில் 340 அறைகள். இந்த இரண்டைச் சொன்னால் பத்து நிமிடம் வேறு எதுவும் நடத்த முடியாது.

பாப்பாபட்டி, மேலவளவு பற்றியெல்லாம் பிள்ளைகளிடம் பேசலாமா?

பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி ஆதிதிராவிடர்களுக்கு ஒதுக்கப்பட்டதால், 1996லிருந்து பத்து ஆண்டுகள் ஒழுங்காகத் தேர்தல் நடக்க விடவில்லை. 2006 அக்டோபரில்தான் நிலைமை மாறியது. மேலவளவில் அப்படி ஒதுக்கப்பட்ட தலைவர் பதவிக்கு நின்று ஜெயித்த முருகேசன் 1997 ஜூன் 30 அன்று கொல்லப்பட்டார். ஏழு வயதுப் பிள்ளைக்குக் கொலையைச் சொல்ல வேண்டாம். ஆனால் ஐந்தாம் வகுப்பில், "ஒருத்தர் அந்த நாற்காலியில் உட்காரக் கூடாது என்று சிலர் தடுத்தார்கள், சட்டம் அதற்கு இடம் கொடுக்கவில்லை" என்ற அளவில் பேசலாம். நம் மாவட்டத்தில் வைத்துக்கொண்டு இதைப் பேசாமலே பதவி, உரிமை என்று பாடம் நடத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. வகுப்பில் எந்தப் பிள்ளையின் தெருவையும் சுட்டிப் பேசிவிடாதீர்கள், அது ஒன்றுதான் கவனம்.

2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டி கிராம சபையில் முதலமைச்சரே வந்து உட்கார்ந்தார். கிராம சபை நாட்களில் பிள்ளைகளை ஒரு முறை கூட்டிப் போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். யார் பேசுகிறார்கள், யார் எழுதுகிறார்கள், யார் கையெழுத்துப் போடுகிறார்கள் என்று பார்த்துவிட்டு வரட்டும்.

என் மகள் "நான் ஆக முடியுமா?" என்கிறாள். என்ன சொல்ல?

இந்தியக் குடிமகளாக இருந்து, 35 வயது முடிந்து, மக்களவை உறுப்பினராகும் தகுதி இருந்தால் போட்டியிடலாம். 2022 ஜூலையில் பதவி ஏற்ற திரௌபதி முர்மு ஒடிசாவில் சந்தால் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். பள்ளியில் பாடம் நடத்தியவர். 1997இல் ராய்ரங்பூர் என்ற சின்ன ஊரில் கவுன்சிலரானார். நம் ஊர் வார்டு கவுன்சிலர் போல என்று சொல்லுங்கள், பிள்ளைக்கு உடனே ஒட்டிக்கொள்ளும். 2023 சிவராத்திரியன்று மீனாட்சி கோயிலுக்கும் வந்து போனார்.

வீட்டில் அரசியல் பேச்சு அதிகம். கட்சிச் சண்டை வகுப்புக்கு வந்துவிடுமோ?

வரும். "அவரு எந்தக் கட்சி?" என்று கேட்பார்கள். எந்தக் கட்சி ஆதரவில் ஜெயித்தார் என்பது மறைக்க வேண்டிய செய்தி அல்ல, சொல்லிவிடுங்கள். பிறகு விளையாட்டில் வராந்தாவில் இருந்த பிள்ளையிடம் கேளுங்கள்: உன் சிநேகிதன் எழுதிய தாள் என்பதற்காக விதியை மாற்ற முடிந்ததா?

குடியரசுத் தலைவருக்குப் பிள்ளைகள் கடிதம் எழுதலாமா?

தாராளமாக. தமிழிலேயே எழுதலாம். "குடியரசுத் தலைவர் மாளிகை, புது டெல்லி 110004" என்று முகவரி போதும், அதை மட்டும் ஆங்கிலத்திலும் எழுதிவிடுங்கள். எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். பிள்ளைகள் கேட்க நினைப்பதைப் பலகையில் எழுதி, எது ஊராட்சியின் வேலை, எது ஆட்சியர் வேலை, எது முதலமைச்சர் வேலை, எது டெல்லியின் வேலை என்று பிரியுங்கள். பள்ளிக்குப் பின்னால் தேங்கும் சாக்கடைத் தண்ணீர் பற்றிய கடிதம் ஊராட்சி அலுவலகத்துக்குப் போகட்டும், அதை நீங்களே கொண்டுபோய்க் கொடுத்துக் கையெழுத்து வாங்கி வந்துவிடலாம். டெல்லிக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அனுப்பும் முன் ஒரு நகல் எடுத்து வகுப்பில் ஒட்டி வையுங்கள்.